தகப்பன் சொத்தும் தகப்பன் கடனும்

எங்கள் தெருவில் ஒரு பெரியவர் காலமானார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு பிள்ளைகள் மூவரும் கூடத்தில் உட்கார்ந்து பத்திரங்களைப் பிரித்தார்கள். தோப்பு யாருக்கு, வீட்டில் கீழ்ப்பாதி யாருக்கு, வெள்ளிப் பாத்திரம் எந்த மருமகளுக்கு என்று விடிய விடியப் பேச்சு. மறுநாள் காலையில் ஒரு மனிதர் புரோநோட்டும் கையுமாக வந்து திண்ணையில் உட்கார்ந்தார். மூத்தவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "இது அப்பா கையெழுத்துத்தானா?" என்று சந்தேகப்பட்டார். இளையவர் அந்தக் காகிதத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டார். நடுப்பிள்ளைக்கு அன்று பார்த்து ஊருக்கு அவசரமாகப் பஸ் பிடிக்க வேண்டியிருந்தது.

இந்தச் சம்பவம் எனக்கு ஞாபகம் வந்தது, ஒரு நண்பரின் புத்தக அலமாரிக்கு முன்னால் நின்றபோது.

நண்பர் பாளையங்கோட்டைக்காரர். கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். நான் இரண்டு வருஷத்தோடு படிப்புக்கு முழுக்குப் போட்டேன். அவர் மேலே படித்து ஆசிரியரானார். மூன்று தலைமுறையாகப் புராட்டஸ்டண்டுக் குடும்பம். அவருடைய அலமாரியில் முன்பெல்லாம் அமெரிக்கப் பிரசங்கிகளின் புத்தகங்கள்தான் பளபளவென்று நிற்கும். இந்தத் தடவை போனபோது அவை கீழ்த்தட்டுக்குப் போயிருந்தன. மேல்தட்டில் அத்தனேஷியஸ், பேசில், கிறிசோஸ்டம், அகஸ்டின் என்று ஆயிரத்தறுநூறு வருஷத்துக்கு முந்திய பெயர்கள்.

"இனிமேல் இவர்கள்தான் வே! நேற்றுப் பெய்த மழையில் இன்று முளைத்தவர்களைப் படித்தது போதும். திருச்சபைப் பிதாக்களிடம் திரும்பிப் போனால்தான் எங்களுக்கு விமோசனம்" என்றார்.

இரண்டு புத்தகங்களை இரவல் வாங்கி வந்தேன். ஒரு மாதம் படித்தேன். அதன் விளைவுதான் இந்தக் கட்டுரை. 'கிறிஸ்தவர்களின் வீட்டு விவகாரம் உனக்கு எதற்கு?' என்று வாசகர்கள் கேட்கலாம். நான் எழுதிப் பிழைக்கிறவன். முன்னோர் சேர்த்து வைத்த சொல்லை எடுத்துத்தான் என் அடுப்பு எரிகிறது. ஒரு பழைய நூலில் நமக்கு வேண்டிய பாதியை மேடையில் முழக்கிவிட்டு, வேண்டாத பாதியை அலமாரியில் பூட்டுகிற வித்தை எனக்கு நன்றாகத் தெரியும். திருட்டு நடந்த இடத்தைக் கண்டுபிடிக்க அந்தத் தொழில் தெரிந்தவன் வேண்டாமா?

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். 1517-ல் மார்ட்டின் லூத்தர் மூட்டிய நெருப்பிலிருந்து பிறந்ததுதான் புராட்டஸ்டண்டு மார்க்கம். வேதம் ஒன்றே இறுதிப் பிரமாணம் என்பது அதன் கோஷம். ஆனால் அந்தக் கோஷத்தை எழுப்பியவர்கள் பிதாக்களைக் குப்பையில் போட்டுவிடவில்லை. லூத்தரே அகஸ்டின் பெயரில் அமைந்த சங்கத்தைச் சேர்ந்த துறவி. கால்வின் 1536-ல் வெளியிட்ட தம் நூலின் முகவுரையில், பிரான்சு அரசரைப் பார்த்து, 'பிதாக்களை நாங்கள் அவமதிக்கவில்லை. அவர்கள் எங்கள் கட்சி' என்று பட்டியல் போட்டே வாதாடினார். மெதடிஸ்டு இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1749-லிருந்து 1755-க்குள் 50 தொகுதிகள் கொண்ட ஒரு 'கிறிஸ்தவ நூலகம்' பதிப்பித்தார். அப்போஸ்தலருக்கு அடுத்த தலைமுறையினரின் எழுத்தோடுதான் அதன் முதல் தொகுதி ஆரம்பமாகிறது.

பிறகு நடுவில் ஒரு மறதி. அந்த மறதியிலிருந்து விழித்தவர்களில் முக்கியமானவர் தாமஸ் ஓடன். 1931-ல் ஓக்லஹோமாவில் பிறந்த மெதடிஸ்டு. நியூஜெர்ஸியில் ட்ரூ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர். 1960-களில் அவர் துரத்தாத புது மோஸ்தர் கிடையாது. இன்று மனோதத்துவம், நாளை அரசியல், மறுநாள் வேறொன்று. அதே பல்கலைக்கழகத்தில் வில் ஹெர்பெர்க் என்று ஒரு யூதப் பேரறிஞர் இருந்தார். இளமையில் கம்யூனிஸ்டாக இருந்து, பிறகு தம் முன்னோரின் மார்க்கத்துக்குத் திரும்பியவர். 1970-களின் தொடக்கத்தில் ஒரு நாள் அவர் ஓடனைப் பார்த்து, உம்முடைய மார்க்கத்தின் மூலவர்களையே நீர் படிக்கவில்லை, அவர்களைப் படிக்கிறவரை நீர் படித்தவரே அல்ல என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஒரு கிறிஸ்தவருக்கு, 'உன் தகப்பனைப் போய்ப் பார்' என்று வழி காட்டியவர் ஒரு யூதர்! இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. ஓடனும் மானஸ்தர், போய்ப் படித்தார், மாறினார். 2016-ல் அவர் காலமாவதற்கு முன், 1998 முதல் 2010 வரை, அவருடைய தலைமையில் வேதாகமத்துக்குப் பிதாக்களின் விளக்கங்களைத் தொகுத்து 29 தொகுதிகள் வெளிவந்துவிட்டன.

அவர் தனி ஆளும் அல்ல. 1977-ல் சிகாகோவுக்கு அருகே சில சுவிசேஷப் புராட்டஸ்டண்டுகள் கூடி, சரித்திர வேர்களுக்குத் திரும்ப வேண்டும் என்று அறிக்கை விட்டார்கள். இன்னும் ஒரு கூட்டம் அதே வழியில் நடந்து நடந்து, 1987-ல் ஏறக்குறைய 2,000 பேராக அந்தியோகியாவின் ஆர்த்தடாக்ஸ் சபையிலேயே போய்ச் சேர்ந்தது.

இதில் நல்லது இல்லையென்று நான் சொல்ல வரவில்லை. 2016-ல் அமெரிக்கப் புராட்டஸ்டண்டுகளிடையே ஒரு சண்டை மூண்டது. குமாரன் பிதாவுக்கு நித்திய காலமாகவே அடங்கி நடக்கிறவர், அதுபோல மனைவி கணவனுக்கு அடங்கி நடக்க வேண்டும் என்று சில பண்டிதர்கள் வெகுநாளாகப் போதித்து வந்தார்கள். வீட்டுக்காரியை அடக்குவதற்குத் திரித்துவத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள்! இதை எதிர்த்தவர்களும் புராட்டஸ்டண்டுகளே. அவர்கள் நாலாம் நூற்றாண்டுப் பிதாக்களை எடுத்து வைத்து, 'மூவருக்கும் சித்தம் ஒன்றே. அங்கே ஏவுகிறவரும் இல்லை, அடங்குகிறவரும் இல்லை' என்று காட்டினார்கள். குமாரனின் நித்திய ஜனனம் என்ற பழைய உபதேசத்தைச் சந்தேகித்த பண்டிதர் ஒருவர், அந்த விஷயத்தில் தாம் எண்ணியது பிசகு என்று அதே வருஷம் ஒப்புக்கொண்டார். பழைய புத்தகத்தைப் படித்து ஒரு மனிதர் தம் பிசகை ஒப்புக்கொள்வது சாமானியமான காரியமா?

ஆகவே, 'பிதாக்களிடம் ஏன் போகிறீர்கள்?' என்பது என் கேள்வியல்ல. 'எதற்காகப் போகிறீர்கள், திரும்பும்போது கையில் எதை எடுத்து வருகிறீர்கள்?' என்பதுதான்.

ஓடன் தமக்கு வந்த ஒரு கனவைச் சொல்லியிருக்கிறார். கல்லறைத் தோட்டத்தில் தம் கல்லறையையே பார்க்கிறார். இவர் இறையியலுக்குப் புதிதாக எதுவும் சேர்க்கவில்லை என்று அதில் எழுதியிருக்கிறது. அதைக் கண்டு அவருக்கு நிம்மதி! புதிதாக எதுவும் சொல்வதில்லை என்பதையே விரதமாகக் கொண்டார். மோஸ்தர்களின் பின்னால் ஓடி அலுத்தவருக்கு அந்த நிம்மதி புரிகிறது. ஆனால் அத்தனேஷியஸின் கல்லறையில் அந்த வாக்கியத்தைப் பொறிக்க முடியுமா?

அலெக்ஸாண்டிரியாவில் ஆரியஸ் என்று ஒரு குரு. நம் ஊர் ஆரிய வாதத்துக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. குமாரன் படைக்கப்பட்டவரே என்பது அவருடைய கட்சி. தம் கட்சிக்கு வேத வசனங்களை அவர் வண்டி வண்டியாகக் கொட்டினார். வசனத்துக்கு வசனம் என்று போனால் வழக்கு முடிகிறதாயில்லை. கடைசியில் 325-ல் நிசேயாவில் கூடிய பேராயர்கள் ஒரு கிரேக்கச் சொல்லைப் பிடித்தார்கள்: ஹோமோஊசியோஸ், 'ஒரே சாரமுடையவர்'. அந்தச் சொல் வேதாகமத்தில் எங்கும் கிடையாது. அதற்காகவே பலர் முகம் சுளித்தார்கள். சொல் இல்லாவிட்டால் என்ன, பொருள் இருக்கிறது என்று அத்தனேஷியஸ் நின்றார். 45 வருஷம் பேராயராக இருந்தார். ஐந்து தடவை துரத்தப்பட்டார். சுமார் 17 வருஷம் ஊர் ஊராக, பாலைவனத்தில்கூட, ஒளிந்து வாழ்ந்தார். பழைய சத்தியத்தைக் காக்கப் புதிய சொல்லைத் துணிந்து எடுத்தவர் அவர். அவருடைய சொல்லை மனப்பாடம் செய்து ஒப்பித்துவிட்டு, 'நாங்கள் புதிதாக ஒன்றும் சொல்வதில்லை' என்று பெருமைப்படுகிறவர்கள் அவருடைய பிள்ளைகள் ஆகிவிடுவார்களா? தகப்பன் காட்டைத் திருத்திக் கழனியாக்கினான். பிள்ளை வரப்பில் உட்கார்ந்து அவன் வீரத்தைப் பாடுகிறான். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. கழனி தரிசாகக் கிடக்கிறது.

அது கிடக்கட்டும். புரோநோட்டுக்கு வருகிறேன்.

நிசேயா சங்கத்தை எல்லோரும் விசுவாசப் பிரமாணத்துக்காகக் கொண்டாடுகிறார்கள். 2025-ல் அதன் 1,700-வது ஆண்டை உலகமெங்கும் புராட்டஸ்டண்டுகளும் சேர்ந்து கொண்டாடினார்கள். அதே சங்கம் 20 சட்டங்களும் செய்தது. அதில் 17-வது சட்டத்தைக் கொண்டாடியவர் யார்? வட்டி வாங்கும் குருவானவரைப் பதவியிலிருந்து நீக்கு என்கிறது அது. நூற்றுக்கு மாதம் ஒரு வட்டி என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதே விகிதத்தைப் பெயர் சொல்லிக் கண்டிக்கிறது!

இதை நண்பரிடம் காட்டினேன். சிரித்தார். "அது குருமாருக்கு மட்டும்தான் வே! சட்டத்தை ஒழுங்காகப் படியும்."

வாஸ்தவம். சட்டம் குருமாருக்குத்தான். ஆனால் அவருடைய மேல்தட்டிலேயே நிற்கிற பேசில், பதினைந்தாம் சங்கீதத்தை எடுத்துக்கொண்டு செய்த பிரசங்கத்தில் குருமார் என்றும் சாமானியர் என்றும் பார்க்கவில்லை. கஷ்டத்தில் இருக்கிறவனுக்கு உதவுகிற சாக்கில் அவனை ஒடுக்குகிற தொழில் என்று வட்டியைச் சாடுகிறார். பேசில் சும்மா பேசிய ஆசாமியும் அல்ல. 369-ஐ ஒட்டிக் கப்பதோக்கியாவில் கொடிய பஞ்சம் வந்தது. களஞ்சியக்காரர்கள் விலை ஏறட்டும் என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். பேசில் அவர்களுடைய கதவைத் தம் வார்த்தையால் திறந்தார். பசித்தவர்களைக் கூட்டி உட்கார வைத்து, பருப்புக் கூழ் காய்ச்சி ஊற்றினார் என்று அவருடைய நண்பர் கிரகோரி எழுதி வைத்திருக்கிறார். பேராயரான பிறகு ஊருக்கு வெளியே வைத்தியசாலையும் அநாதை விடுதியும் கட்டினார். தொழுநோயாளிகளுக்கும் அங்கே இடம் இருந்தது. களஞ்சியத்தை இடித்துப் பெரிதாகக் கட்ட நினைத்த மூட ஐசுவரியவானைப் பற்றி அவர் செய்த பிரசங்கத்தை நான் ஒரே இரவில் இரண்டு முறை படித்தேன். உன் வீட்டில் மிஞ்சிக் கிடப்பது உன்னுடையதல்ல, இல்லாதவனுடையது என்கிறார். உடுத்தியிருப்பவனின் துணியைப் பறிக்கிறவனைத் திருடன் என்கிறோமே, உடுக்க இல்லாதவனுக்குக் கொடுக்க முடிந்தும் கொடுக்காதவனுக்கு மட்டும் வேறு பெயரா என்று கேட்கிறார்.

கிறிசோஸ்டமும் அப்படித்தான். 'பொன்வாயர்' என்று அந்தப் பெயருக்கு அர்த்தம். பொன்னைப் பற்றி அந்த வாய் பேசியதைத் தலைநகரத்துப் பெரிய மனிதர்களால் தாங்க முடியவில்லை. நாடு கடத்தினார்கள், 407-ல் வழியிலேயே செத்தார். மிலான் நகரத்து அம்புரோஸ், போரில் சிறைப்பட்டவர்களை மீட்பதற்காகக் கோவில் பாத்திரங்களையே உருக்கி விற்றார். வேடிக்கை என்னவென்றால், இதே அம்புரோஸைத்தான் கால்வின் தம் முகவுரையில் ரோமாபுரிக்கு எதிராகச் சாட்சிக்கு அழைத்தார். அதே கால்வின் 1545-ல் ஒரு கடிதத்தில், சில நிபந்தனைகளோடு வட்டி வாங்கலாம் என்று வழி விட்டார். அதற்கு அவர் காரணம் சொன்னார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பழைய வாதங்களை நேருக்கு நேர் நின்று மறுத்தார். அது யோக்கியமான வழி. இன்றுள்ளவர்கள் மறுப்பதில்லை, பக்கத்தைப் புரட்டிவிடுகிறார்கள்.

கடன் இது ஒன்றுதானா? பேராயர் இல்லாமல் நற்கருணை இல்லை என்கிறார் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்து இக்னேஷியஸ். பேராயரே இல்லாத சபைக்காரர் இந்தப் பக்கத்தை என்ன செய்கிறார்? 387-ல் ஓஸ்தியாவில் சாகக் கிடந்த அகஸ்டினின் தாயார், பலிபீடத்தில் தம்மை நினைத்துக்கொள்ளும்படி பிள்ளையிடம் கேட்டுக்கொண்டார். பிள்ளையும் தாயாருக்காக ஜெபித்தார். இறந்தவர்களுக்காக ஜெபிப்பது பிசகு என்று பிரசங்கிக்கிறவர், கிருபையைப் பற்றி அகஸ்டின் சொன்னதை மட்டும் பிரித்து எடுத்துப் போகிறார். தோப்பு எனக்கு, புரோநோட்டு யாருக்கோ!

இதற்கு ஒரு பதில் தயாராக இருக்கிறது. "பிதாக்களே ஒருவருக்கொருவர் ஒத்துப் பேசவில்லையே! தேர்ந்தெடுத்துத்தானே ஆக வேண்டும்? வேதம்தானே நீதிபதி?" என்பார்கள். பதில் நியாயமானதுதான். அடிமை வியாபாரத்தையே எடுத்துக்கொள்வோம். பேசிலின் தம்பி, அவர் பெயரும் கிரகோரிதான், பிரசங்கி புத்தகத்துக்குச் செய்த விளக்கத்தில், தேவசாயலான மனிதனுக்கு விலை போட நீ யார் என்று அடிமை உடைமையையே அடியோடு கண்டித்தார். அந்தக் காலத்தில் அப்படிப் பேசியவர்கள் அபூர்வம். அதே நாலாம் நூற்றாண்டில் கூடிய கங்கரா சங்கமோ, எஜமானை மதிக்காதே என்று அடிமைக்குப் போதிப்பவனைச் சபித்தது. இரண்டும் பழமைதான். இரண்டும் திருச்சபைதான். இதில் எது உங்கள் தகப்பன் குரல்?

இங்கேதான் குட்டு உடைகிறது. பெற்ற தகப்பனை யாரும் தேர்ந்தெடுக்க முடியாது. ஞானத் தகப்பனைத் தேர்ந்தெடுக்கலாம். தேர்ந்தெடுக்கிறவன் தன் முகத்தைக் காட்டிக்கொடுத்துவிடுகிறான். 1845-ல் அமெரிக்காவில் தெற்கத்தி பாப்டிஸ்டுகள் தனிச் சபையாகப் பிரிந்தார்கள். அடிமை வைத்திருப்பவர் மிஷனரியாகலாமா என்பதுதான் அந்தச் சண்டை. ஆகலாம் என்றவர்கள் இவர்கள். கையில் வேதம் இருந்தது. அதிலிருந்து வசனமும் எடுத்துக் காட்டினார்கள். அதற்காக அவர்கள் மன்னிப்புக் கேட்க 1995 வரை, 150 வருஷம், ஆயிற்று. கிரகோரி அவர்களுக்கு எட்டாத தூரத்திலா இருந்தார்? தேடவில்லை. தேவைப்படவில்லை. நமக்கு எதிராகச் சாட்சி சொல்லக்கூடியவரை நாம் ஏன் தேடிப் போகிறோம்?

அதே 1845-ல் இங்கிலாந்தில் ஜான் ஹென்றி நியூமன் ரோமன் கத்தோலிக்கரானார். ஆங்கிலிக்கன் சபையின் மகா பண்டிதர். பிதாக்களைத் தோண்டித் தோண்டிப் படித்தவர். சரித்திரத்தில் ஆழ்ந்தவன் புராட்டஸ்டண்டாக மிஞ்ச முடியாது என்பது அவர் முடிவு. அதை நான் அப்படியே ஏற்கவில்லை. தகப்பனோடு கருத்து வேற்றுமை கொள்கிறவன் பிள்ளை இல்லாமல் போய்விட மாட்டான். ஆனால் கடன் பத்திரத்தை வெளிச்சத்தில் பிரித்து, 'இந்தக் கடனை அடைக்கிறேன். இதை அடைக்க மாட்டேன், காரணம் இது' என்று ஊரறியச் சொல்ல வேண்டும். நியூமன் ஒரு விலை கொடுத்தார். நண்பர்களையும் பதவியையும் இழந்தார். புராட்டஸ்டண்டாகவே நின்று பிதாக்களைப் படிப்பதற்கும் ஒரு விலை உண்டு. அதைக் கொடுக்காமல் படிப்பதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன்.

விலை கொடுத்தவர்களும் உண்டு. வெஸ்லி பிதாக்களைப் பதிப்பித்ததோடு நின்றாரா? ஆக்ஸ்போர்டில் ஒரு மெதடிஸ்டுக்கு வருஷத்துக்கு 30 பவுன் வருமானம். 28-ல் வாழ்ந்துகொண்டு 2 பவுனைத் தர்மம் செய்தார். மறுவருஷம் 60 வந்தது. அப்போதும் 28-லேயே வாழ்ந்து 32-ஐக் கொடுத்துவிட்டார் என்று வெஸ்லி எழுதியிருக்கிறார். அந்த ஒருவர் வெஸ்லியேதான் என்பார்கள்.

நம் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. 1919-ல் தரங்கம்பாடியில் சில குருமார் கூடிப் பேச ஆரம்பித்ததன் முடிவு, 1947 செப்டம்பர் 27-ல் சென்னை செயின்ட் ஜார்ஜ் ஆலயத்தில் பிறந்த தென்னிந்தியத் திருச்சபை. 28 வருஷம் நடந்த வாக்குவாதத்தின் மையமே ஆதித் திருச்சபையின் பேராயர் பதவிதான். பேராயரை அறியாத பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் சபையார் பேராயரை ஏற்றார்கள். பேராயர் இல்லாமல் குருத்துவமே இல்லை என்று பழகிய ஆங்கிலிக்கன்கள், பேராயர் கை வைக்காத குருமாரை மறுபடி அபிஷேகம் செய்யாமலே சகோதரர்களாக ஏற்றார்கள். இங்கிலாந்திலிருந்து டி. எஸ். எலியட் என்ற மகாகவி, இது ஐக்கியமல்ல, அழிவு என்று 1943-லேயே ஒரு பிரசுரம் போட்டுக் கோபித்துக்கொண்டார். அவருக்கும் ஆதித் திருச்சபைதான் ஆதாரம்! அவர் பழமையைக் காப்பதற்காக ஒதுங்கி நிற்கச் சொன்னார். இவர்கள் பழமைக்காகத் தங்கள் கையில் இருந்ததில் ஒரு பகுதியை விட்டுக் கொடுத்தார்கள். 1950-ல் இவர்கள் அமைத்த ஆராதனை முறையில், பழைய சிரியன் சபையிடமிருந்து எடுத்த ஒரு வழக்கம் உண்டு: பக்கத்தில் இருப்பவரின் கையை இரு கைகளுக்குள் வாங்கிச் சமாதானம் பரிமாறிக்கொள்வது. பக்கத்தில் இருப்பவர் யார் என்று பார்த்துக் கை நீட்டுகிற நம் தேசத்தில், அது லேசான கடன் அல்ல. அது முழுவதும் தீர்ந்துவிட்டதா என்று அந்தச் சபையார்தான் சொல்ல வேண்டும்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கும் பாங்கில் கொஞ்சம் பணம் இருக்கிறது. வருஷா வருஷம் வட்டி வாங்குகிறேன். பேசிலின் பிரசங்கத்தைப் படித்த இரவில் எனக்கும் தூக்கம் கெட்டது. மறுநாள் பாங்குக்குப் போய்ப் பணத்தை எடுத்து ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டேனா? இல்லை. ஆனால் நான் பேசிலின் வாரிசு என்று எங்கும் பாத்தியதை கொண்டாடவும் இல்லை.

புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். நண்பர் இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அவருடைய சபையில் ஆதித் திருச்சபை பாணியில் ஞானஸ்நானத் தொட்டி கட்ட நிதி திரட்டுகிறார்கள். கருங்கல் வெளியூரிலிருந்து வர வேண்டுமாம். நிதிக் கமிட்டியில் அவரும் ஒருவர். கடைசியில், "பேசிலை இன்னும் ஒரு மாதம் நீரே வைத்துக்கொள்ளும், எனக்கு இப்போது அவசரமில்லை" என்றார்.

நான் கேட்கவில்லை. களஞ்சியப் பிரசங்கம் இருக்கிற பக்கத்தில் ஒரு காகிதத்தைச் செருகி, அவர் மேஜையின்மேலேயே வைத்துவிட்டு வந்தேன். அந்தப் புரோநோட்டு அவர் வீட்டுத் திண்ணையில் இருக்க வேண்டியது.